காலை ஏழு மணிக்கு நீங்க எங்க நிப்பீங்க? தோட்டக்கலை, லேண்ட்ஸ்கேப்பிங், மருத்துவமனை நிர்வாகம்: மூணு படிப்பு, ஒரு கேள்வி

(எபிசோடின் தொகுக்கப்பட்ட எழுத்து வடிவம். பேச்சு நடையை மாத்தல. திரும்பத் திரும்பச் சொன்னதை மட்டும் குறைச்சிருக்கோம்.)

பிளஸ் டூ ரிசல்ட் வந்ததுல இருந்து இன்பாக்ஸ் முழுக்க ஒரே மாதிரி மெசேஜ். "அக்கா, நீட் மார்க் பத்தல. திரும்ப எழுத வீட்ல வசதி இல்ல. தோட்டக்கலை கிடைக்கும் போல இருக்கு. இல்லன்னா ஹெல்த்கேர் மேனேஜ்மெண்ட்ல பிபிஏ. எதுல சேரட்டும்?" இன்னொருத்தர், "லேண்ட்ஸ்கேப் டிசைன்ல ஒரு வருஷ டிப்ளமா இருக்கு, பீஸ் கொஞ்சம் ஜாஸ்தி, போலாமா?"ன்னு கேக்குறார். இந்த மூணையும் ஒரே எபிசோட்ல பேசிடலாம்னு தோணுச்சு. அதுக்குக் காரணம் இருக்கு, போகப் போக புரியும்.

நான் பி.எஸ்ஸி. தோட்டக்கலை படிச்சவ. முடிச்சுட்டு சென்னைல ஒரு லேண்ட்ஸ்கேப் கான்ட்ராக்ட் கம்பெனில மூணு வருஷம் சைட் பாத்தேன். நாங்க பராமரிச்ச தோட்டங்கள்ல ஒண்ணு ஒரு தனியார் ஆஸ்பத்திரியோடது. என் பெரியம்மா பொண்ணு, எனக்கு அக்கா, எம்எச்ஏ படிச்சுட்டு வேற ஒரு ஆஸ்பத்திரில ஆபரேஷன்ஸ் பாக்குறாங்க. அதனால இந்த மூணு வேலையும் நான் கிட்ட இருந்து பாத்தது.

கல்லூரி நோட்டீஸ்ல போட்டிருக்கற படங்களைப் பாருங்க. தோட்டக்கலைன்னா ஒரு பொண்ணு ரோஜாவை முகர்ந்து பாக்கும். லேண்ட்ஸ்கேப்னா லேப்டாப்ல பச்சைப் பசேல்னு ஒரு டிராயிங். ஹெல்த்கேர் மேனேஜ்மெண்ட்னா கோட் சூட் போட்டு கண்ணாடி அறைக்குள்ள ஒரு மீட்டிங். மூணுமே பொய்னு சொல்ல மாட்டேன். ஆனா வேலைல பெரும்பங்கு அந்தப் படத்துல இல்ல. மூணுமே உயிர் சம்பந்தப்பட்ட ஒண்ணை நாள் தவறாம பராமரிக்கற வேலை. நாத்துக்கு ஞாயித்துக்கிழமை தெரியாது. வார்டுக்கு தீபாவளி தெரியாது. அதனால யார் கேட்டாலும் நான் திருப்பிக் கேக்கறது இதுதான்: அந்தப் படிப்பு முடிச்சா காலை ஏழு மணிக்கு நீங்க எங்க நிப்பீங்க? அந்த இடத்துல தினமும் நிக்க உங்களுக்குச் சம்மதமா?

தோட்டக்கலை

பி.எஸ்ஸி. ஹானர்ஸ் தோட்டக்கலை நாலு வருஷம், எட்டு செமஸ்டர். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்துல கோயம்புத்தூர்லயும் பெரியகுளத்துலயும் கல்லூரி இருக்கு, திருச்சி பக்கத்துல பெண்களுக்குன்னே தனியா ஒண்ணு இருக்கு. நீட் தேவையில்ல, பிளஸ் டூ மதிப்பெண் வச்சுதான் சேர்க்கை.

"செடி வளர்க்கறதுக்கு நாலு வருஷமா?"ன்னு எங்க தெருவுலயே கேட்டாங்க. உள்ள போய்ப் பாத்தா பழப்பயிர், காய்கறி, மலர், நறுமணப் பயிர், மலைத்தோட்டப் பயிர், அறுவடைக்குப் பிந்தைய தொழில்நுட்பம்னு போகும். கூடவே மண்ணியல், மரபியல், பூச்சியியல், நோயியல், புள்ளியியல், பொருளாதாரம். கடைசி வருஷம் கிராமத்துல தங்கி விவசாயிங்க கூட வேலை பாக்கணும்.

மாமரத்துல ஒட்டுக் கட்டறது ஒரு செய்முறை. வேர்ச்செடியை வெட்டி, தாய் மரத்துக் குச்சியைச் சீவி, ரெண்டோட பச்சைப் பட்டையும் ஒண்ணோட ஒண்ணு சேர்ற மாதிரி பொருத்தி, பாலித்தீன் நாடால இறுக்கிக் கட்டணும். கட்டி முடிச்சவுடனே எல்லார் ஒட்டும் பாக்க ஒரே மாதிரிதான் இருக்கும். சில வாரம் கழிச்சுப் போய் எத்தனை துளிர்த்திருக்கு, எத்தனை காஞ்சிருக்குன்னு எண்ணி ரெக்கார்டுல எழுதணும். அங்க மார்க் போடறது செடிதான், அதுகிட்ட வாதாட முடியாது.

இந்தப் படிப்பு எதுக்கு உதவும்னு கேட்டா நான் ஒரு உதாரணம் சொல்வேன். 2008-ல கோயம்புத்தூர் பக்கம் பப்பாளி மாவுப்பூச்சின்னு ஒரு வெளிநாட்டுப் பூச்சி வந்து இறங்குச்சு. பப்பாளி மட்டுமில்ல, மல்பெரி, மரவள்ளின்னு தமிழ்நாட்டுல பரவி தோட்டம் தோட்டமா வெள்ளை பூத்துப் போச்சு. மருந்தடிச்சாங்க. பூச்சி மேல மாவு மாதிரி மெழுகு இருக்கறதால மருந்து உள்ள சரியா இறங்கல. கடைசில 2010-ல பியூர்டோ ரிக்கோல இருந்து அந்தப் பூச்சியோட இயற்கை எதிரியான ஒட்டுண்ணிக் குளவியை வரவழைச்சு, ஆய்வகத்துல பெருக்கி, வயல்ல விட்டாங்க. கண்ணுக்கே சரியாத் தெரியாத அளவுக் குளவி. கொஞ்ச மாசத்துல பூச்சி அடங்குச்சு. குளவியைத் தேடினவங்க, வளர்த்தவங்க, "இனிமே மருந்து அடிக்காதீங்கண்ணே, குளவி செத்துடும்"னு விவசாயிக்குப் புரிய வச்சவங்க எல்லாருக்கும் பின்னாடி இந்த மாதிரிப் படிப்புதான் இருந்துச்சு.

வேலைன்னு பாத்தா தோட்டக்கலைத் துறை, வங்கிகள்ல விவசாய அலுவலர், விதைக் கம்பெனி, சொட்டுநீர்க் கம்பெனி, நர்சரி, மேல்படிப்பு, ஆராய்ச்சி. ஒண்ணு மட்டும் தெளிவா சொல்லிடறேன். தனியார்ல முதல் வேலை பெரும்பாலும் மாவட்டத்துல, பைக்ல, விற்பனையோட சேர்ந்த வேலை. காலை ஏழு மணிக்கு நீங்க யாரோ ஒருத்தர் வயல் வரப்புல நிப்பீங்க. "சென்னையை விட்டுப் போக மாட்டேன்"னு இருக்கறவங்க இதை இப்பவே யோசிச்சுக்கணும்.

லேண்ட்ஸ்கேப்பிங்

இதுல மூணு வாசல் இருக்கு. மூணும் வேற வேற இடத்துக்குப் போகும்.

முதல் வாசல் டிசைன். பி.ஆர்க். முடிச்சுட்டு லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்சர்ல முதுகலை. டெல்லி எஸ்பிஏ, அகமதாபாத் செப்ட் மாதிரி இடங்கள். ரெண்டாவது வாசல் செடி. தோட்டக்கலை படிச்சுட்டு எம்.எஸ்ஸி.ல மலரியலும் நில எழிலூட்டலும். மூணாவது ஆறு மாசம், ஒரு வருஷம்னு இருக்கற டிப்ளமா, சர்டிபிகேட். இது சைட் சூப்பர்வைசர் வேலைக்கு உதவும். சொந்தமா நர்சரி வச்சிருக்கறவங்களுக்கும் உதவும். ஆனா மூணாவது வாசல்ல காசு வாங்கிட்டு முதல் வாசல் பேரைச் சொல்றவங்க உண்டு.

இங்க ஒரு சட்ட விஷயம் தெரிஞ்சுக்கோங்க. 1972-ல வந்த ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டப்படி, கவுன்சில்ல பதிவு பண்ணாம யாரும் தன்னை ஆர்க்கிடெக்ட்னு சொல்லிக்க முடியாது. ஆனா அதே சட்டம் "லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்ட்"ங்கற பேருக்கு விலக்கு கொடுத்திருக்கு. அதாவது யாரு வேணா போர்டு மாட்டலாம். அதனால டிப்ளமா முடிச்சதும் "நீங்க லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்ட் ஆயிடலாம்"னு ஒரு இன்ஸ்டிடியூட் சொன்னா அது சட்டப்படி தப்பில்ல. அந்தப் பேரை நம்பி ஒரு கம்பெனி உங்களுக்கு டிசைன் வேலை கொடுக்குமாங்கறது வேற விஷயம்.

சரி, சைட்ல என்ன வேலை? ஒரு சின்னக் கணக்கு. ஒரு சதுர மீட்டர்ல ஒரு மில்லிமீட்டர் ஆழத்துக்குத் தண்ணி நின்னா அது ஒரு லிட்டர். சென்னைக் கோடைல புல்தரைக்கு ஒரு நாளைக்கு சுமார் 5 மில்லிமீட்டர் தண்ணி வேணும்னு வச்சுக்கோங்க. ஆயிரம் சதுர மீட்டர் புல்தரைக்கு 5,000 லிட்டர். பன்னெண்டாயிரம் லிட்டர் லாரி ரெண்டரை நாளைக்குக் கூட வராது. 2019 கோடைல சென்னை ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டைல இருந்து ரயில்ல குடிதண்ணி வந்துச்சு, ஞாபகம் இருக்கா? அப்படி ஒரு ஊர்ல டிராயிங்ல பச்சைக் கலரைக் கொட்டறவருக்கு இந்தக் கணக்கு தெரிஞ்சிருக்கணும். கொரியன் புல் எத்தனை சதுர அடி, அரளி எத்தனைன்னு எழுதறதுக்கு முன்னாடி, "தண்ணி எங்கருந்து?"ன்னு கேக்கத் தெரிஞ்சவங்கதான் இந்தத் தொழில்ல நிலைக்கிறாங்க.

மரமும் அப்படித்தான். கோனோகார்பஸ் வேகமா வளரும், எப்பவும் பச்சையா இருக்கும், ஆடு மாடு கடிக்காதுன்னு ஊர் ஊரா சாலை நடுவுல, அபார்ட்மெண்ட் சுவரோரம் நட்டாங்க. அப்புறம் வேர் போய்க் குழாயைப் பிடிக்குது, மகரந்தம் மூச்சுத் தொந்தரவு தருதுன்னு புகார் வந்து, குஜராத் அரசு 2023-ல நடத் தடை போட்டுச்சு. தமிழ்நாடும் பின்னாடியே தடை பண்ணுச்சு. மரம் தானா வந்து நிக்கல. ஒரு பட்டியல்ல யாரோ அந்தப் பேரை எழுதினாங்க. அந்தப் பட்டியலை எழுதற ஆளா நீங்க ஆகப்போறீங்க.

காலை ஏழு மணிக்கு? தோட்டக்காரங்க வந்துட்டாங்களா, மோட்டார் ஓடுதா, நேத்து நட்டது சாய்ஞ்சிருக்கான்னு பாத்துக்கிட்டு சைட்ல நிப்பீங்க. லேப்டாப் மதியத்துக்கு மேலதான்.

மருத்துவமனை நிர்வாகம்

இது பேரைக் கேட்டா வீட்ல சந்தோஷப்படுவாங்க. டாக்டர் இல்லன்னாலும் ஆஸ்பத்திரி, அதுலயும் மேனேஜர்.

பிபிஏ அளவுல முடிச்சா பொதுவா ஆரம்பம் பில்லிங், பிரண்ட் ஆபீஸ், இன்சூரன்ஸ் டெஸ்க். பெரிய ஆஸ்பத்திரிகள்ல நிர்வாகப் பொறுப்புக்கு எம்எச்ஏ இல்ல எம்பிஏ கேப்பாங்க. டெல்லி எய்ம்ஸ்ல மருத்துவமனை நிர்வாகத்துல முதுகலை சேர எம்பிபிஎஸ் வேணும். மும்பை டிஸ்ல எந்தப் பட்டம் படிச்சவங்களும் மருத்துவமனை நிர்வாகத்துக்குப் போட்டி போடலாம். ஆக, மூணு வருஷ பிபிஏவை முழுப் பயணம்னு நினைச்சுக் கடன் வாங்காதீங்க, அது பாதி வழி.

அக்காகிட்ட ஒரு நாள், "நீ அங்க என்னதான்க்கா பண்ற?"ன்னு கேட்டேன். "பெட் எண்றேன்டி"ன்னாங்க. சிரிச்சேன். அப்புறம் பேப்பர் எடுத்துக் கணக்கு போட்டுக் காட்டினாங்க. இருநூறு படுக்கை. எல்லாம் நிரம்பியிருக்கு. ஒரு நோயாளி சராசரியா நாலு நாள் தங்குறார்னா ஒரு நாளைக்கு அம்பது பேரைத்தான் புதுசா சேர்க்க முடியும். அந்த நாலு நாளை மூணரை ஆக்கிட்டா அம்பத்தி ஏழு. அதாவது இன்னொரு கட்டடம் கட்டாம தினமும் ஏழு பேருக்கு இடம்.

"அந்த அரை நாள் எங்க போகுது தெரியுமா? டாக்டர் காலைல பத்து மணிக்கு டிஸ்சார்ஜ்னு சொல்லிடுவார். சம்மரி டைப் ஆகணும், பார்மசி மருந்துக் கணக்கு வரணும், இன்சூரன்ஸ் அப்ரூவல் வரணும். பேஷண்ட் டிரஸ் மாத்திட்டு சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் கட்டில்லயே உக்காந்திருப்பார். கீழ கேஷுவாலிட்டில ஒருத்தர் ஸ்ட்ரெச்சர்ல பெட்டுக்காகக் காத்திருப்பார். நடுவுல இருக்கற முடிச்சை அவிழ்க்கறதுதான் என் வேலை"ன்னாங்க.

இது வெறும் சௌகரியம் சம்பந்தப்பட்டதும் இல்ல. 2011 டிசம்பர் 9, விடியறதுக்கு முன்னாடி கொல்கத்தால ஒரு தனியார் ஆஸ்பத்திரில தீப்பிடிச்சுது. கார் நிறுத்தறதுக்குன்னு அனுமதி வாங்கின அடித்தளத்துல எரியக்கூடிய பொருட்களை அடுக்கி வச்சிருந்தாங்க. புகை மேல வார்டுகளுக்குப் பரவுச்சு. தொண்ணூறு பேர் அளவுக்கு இறந்தாங்க, பெரும்பாலும் எழுந்து ஓட முடியாத நோயாளிகள், மூச்சுத் திணறி. அவங்க உயிர் போனது நோயால இல்ல. ஒரு அடித்தளத்துல என்ன இருக்கணும், என்ன இருக்கக் கூடாதுன்னு தினமும் இறங்கிப் பாக்க வேண்டிய வேலை நடக்காததால.

குப்பைக்கும் இதே கதைதான். 2016 விதிப்படி மருத்துவக் கழிவு நாலு நிறமா பிரியணும். ரத்தம் தோய்ஞ்ச பஞ்சு, திசு மஞ்சள்ல. டியூப், பிளாஸ்டிக் சிவப்புல. ஊசி, பிளேடு வெள்ளைல. கண்ணாடி நீலத்துல. ஒரு ஊசி தப்பான பைக்குள்ள போனா குத்தறது மேனேஜரை இல்ல, அதைத் தூக்கற அக்காவை. காலை ஏழு மணிக்கு நர்ஸுங்க ஷிப்ட் மாறுற நேரத்துல நீங்க வார்டுல நின்னு இதையெல்லாம் பாப்பீங்க. கோட் சூட் போட்டு இல்ல.

மூணும் சந்திக்கற இடம்

நாங்க பராமரிச்ச அந்த ஆஸ்பத்திரித் தோட்டத்துல எனக்கு விளங்குன விஷயம் இது. தொட்டிக்கு அடில தட்டு வச்சா தண்ணி தேங்கும், டெங்கு கொசு அதுல முட்டை போடும். குழந்தைகள் வார்டு வெளில அரளி வைக்கக் கூடாது, அதோட எல்லாப் பாகமும் விஷம். கீமோ எடுக்கறவங்க, உறுப்பு மாற்று செஞ்சவங்க இருக்கற பகுதிக்குள்ள தொட்டி மண்ணே போகக் கூடாது, மண்ணுல இருக்கற பூஞ்சை அவங்களுக்கு ஆபத்து. மருந்து தெளிக்கறதுன்னா புற நோயாளிகள் வர்றதுக்கு முன்னாடி முடிச்சுடணும். செடி தெரிஞ்சவங்க, டிராயிங் போடறவங்க, ஆஸ்பத்திரி நடத்தறவங்க மூணு பேரும் ஒரு மேசைல உக்காந்தாதான் அந்த முற்றம் ஒழுங்கா இருக்கும்.

அப்படின்னா தோட்டமே வேண்டாமே, சிமெண்ட் போட்டுடலாமேன்னு கேக்கலாம். 1984-ல சயன்ஸ் இதழ்ல ரோஜர் உல்ரிச் ஒரு ஆய்வு வெளியிட்டார். அமெரிக்காவுல பென்சில்வேனியால ஒரு ஆஸ்பத்திரி. பித்தப்பை அறுவை சிகிச்சை முடிஞ்சவங்களோட 1972-லருந்து 1981 வரைக்குமான பதிவேடுகளைப் பாத்தார். ஜன்னல் வழியா மரங்களைப் பாத்தவங்க 23 பேர். செங்கல் சுவரைப் பாத்தவங்க 23 பேர். மரம் பாத்தவங்க சராசரியா முக்கால் நாள் முன்னாடியே வீட்டுக்குப் போனாங்க, வீரியமான வலி மாத்திரையும் கம்மியாத்தான் கேட்டாங்க. சின்ன ஆய்வு, ஒரே ஆஸ்பத்திரி, அதனால மரம் நோயைக் குணப்படுத்தும்னு யாரும் கிளம்பிட வேண்டாம். ஆனா அக்காவோட கணக்கை ஞாபகம் வச்சுக்கோங்க. அரை நாள்னா தினமும் ஏழு பேருக்கு இடம். சிங்கப்பூர் ஈஷூன்ல 2010-ல திறந்த கூ டெக் புவாட் ஆஸ்பத்திரில தோட்டத்தைக் கட்டடத்துக்கு நடுவுலயே வச்சாங்க, மொட்டை மாடில காய்கறி, பழம் வளர்க்கறாங்க. இந்த மூணு படிப்பும் சேர்ந்து வேலை செய்யற இடங்கள் நிஜமாவே இருக்கு.

பீஸ் கட்டறதுக்கு முன்னாடி

அஞ்சு விஷயம். எழுதிக்கோங்க.

ஒண்ணு. பட்டத்துல எந்தப் பல்கலைக்கழகத்தோட பேர் அச்சாகும்னு கேளுங்க, கல்லூரி பேர் இல்ல. யுஜிசி தளத்துல அது இருக்கான்னு பாருங்க. தோட்டக்கலைன்னா ஐசிஏஆர் அங்கீகாரம் இருக்கான்னும் பாருங்க. தோட்டக்கலைப் பட்டத்தைத் தொலைதூரக் கல்வில நடத்த யுஜிசி அனுமதிக்கறதில்ல. யாராவது தர்றோம்னு சொன்னா எழுந்து வந்துடுங்க.

ரெண்டு. உங்களுக்குப் பிடிச்ச வேலையோட பழைய அறிவிக்கை ஒண்ணை டவுன்லோட் பண்ணி கல்வித் தகுதிப் பகுதியை வரி வரியா படிங்க. பட்டத்தோட பேர்ல ஒரு சொல் மாறினாலும் விண்ணப்பம் தள்ளுபடி ஆகலாம்.

மூணு. தோட்டக்கலைன்னா, கல்லூரிக்குச் சொந்த நிலம், நாற்றங்கால் இருக்கா? மருத்துவமனை நிர்வாகம்னா, எந்த ஆஸ்பத்திரில எத்தனை மாசம் பயிற்சி, எழுத்துல கொடுப்பாங்களா? வாய்வார்த்தை போதாது.

நாலு. சுவர்ல ஒட்டின பிளேஸ்மெண்ட் போஸ்டரை விட்டுடுங்க. போன வருஷம் முடிச்ச ரெண்டு பேரைத் தேடிப் பிடிச்சு, இப்ப எங்க வேலைன்னு மட்டும் கேளுங்க.

அஞ்சு. இந்த வாரத்துலயே ஒரு நாள் காலை ஏழு மணிக்குப் போங்க. ஏதாவது ஒரு நர்சரி. தோட்ட வேலை நடக்கற ஒரு அபார்ட்மெண்ட். இல்ல, ஒரு அரசு மருத்துவமனையோட புற நோயாளிகள் சீட்டு வரிசை. ஒரு மணி நேரம் ஓரமா நின்னு யார் என்ன செய்றாங்கன்னு பாருங்க. யாருக்கும் தொந்தரவு கொடுக்காம, போனை உள்ள வச்சுட்டு. திரும்பி வர்றப்ப, "இதை நாளைக்கும் வந்து பாக்கலாம்"னு தோணுச்சா, "அப்பாடா முடிஞ்சுது"ன்னு தோணுச்சான்னு உங்களுக்கே தெரியும்.

நீட்டுக்கு மார்க் பத்தலன்னு எழுதின தம்பிக்குத் தனியா ஒண்ணு. இதெல்லாம் டாக்டர் சீட் கிடைக்காதவங்களுக்கு வச்ச ஆறுதல் பரிசு இல்ல. அப்படி நினைச்சு உள்ள வந்தவங்க ரெண்டாவது வருஷமே சலிச்சுப் போறதை என் வகுப்புலயே பாத்திருக்கேன். ஒட்டு துளிர்க்குதான்னு மண்டி போட்டுப் பாக்கற ஆர்வம் இருந்தா வாங்க. இல்லன்னா வேற படிப்பு நிறைய இருக்கு, அதுலயும் ஒரு குறையும் இல்ல.

போய்ப் பாத்துட்டு வந்து ஒரு நிமிஷ வாய்ஸ் நோட் அனுப்புங்க. எங்க நின்னீங்க, என்ன பாத்தீங்கன்னு மட்டும் சொன்னா போதும். அடுத்த எபிசோட்ல அதுல சிலதைச் சேர்த்துப் போடறேன், அக்காவையும் மைக் முன்னாடி உக்கார வைக்கப் பாக்கறேன். அவங்களுக்கு லீவு கிடைக்கணும், அதுதான் கஷ்டம். பாக்கலாம்.